நடுவழியில் நின்ற வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் மழைக்காலத்தில் வண்டியைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் பற்றித்தான் கடிதம் வரும் என்று நினைத்தால், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு விஷயத்தைக் கேட்கின்றன. ராத்திரி நேரம், ஊருக்கு வெளியே, வண்டி நின்றுபோனால் என்ன செய்வது? மதுரை காளவாசல் பக்கம் 24 வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். விடிந்ததும் கடை வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பவர்களின் முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

தேனியில் ஒரு ரிசப்ஷன் முடித்துவிட்டு நானும் மனைவியும் நாலு வயசுப் பையனும் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி, உசிலம்பட்டி வருவதற்கு முன்னால் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. மணி பதினொன்றே முக்கால். ஒரு மணி நேரம் கிக்கரை மிதித்தேன். பையன் அழ ஆரம்பித்துவிட்டான். அப்புறம் இருட்டில் 3 கி.மீ. தள்ளினேன், மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள். கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். மறுநாள் பார்த்த மெக்கானிக், "பெட்ரோல் டேப் ரிசர்விலேயே இருந்திருக்குண்ணே, பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்கிறார். நான் எங்கே தப்பு செய்தேன்?
வாசகர், செல்லூர்

தம்பி, டாங்க்கின் அடியில் மிச்சமிருக்கிற பெட்ரோலுக்காக டேப்பை ரிசர்வில் போட்டுவிட்டு, பங்கில் பெட்ரோல் அடித்த பிறகு டேப்பைத் திரும்ப 'ஆன்'-க்குத் திருப்ப மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பதுதான். அடுத்த தடவை வண்டி திணறும்போது திருப்புவதற்கு ரிசர்வ் மிச்சம் இருக்காது. அதை நான் தப்பு என்றே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மனசு பதறியது மற்ற இரண்டு விஷயத்துக்கு. அந்த ஒரு மணி நேரம், நீங்கள் கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தபோது பிள்ளையும் தாயும் எங்கே நின்றார்கள்? அப்புறம் அந்த 3 கி.மீ. நடை, தேனி ரோட்டில், பின்னால் வருகிற லாரிக்கு உங்களைக் காட்டிக்கொடுக்க ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல்.

இப்போது வருகிற வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். வண்டி நின்றதும் அதுவும் அணைந்துவிடும். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் இண்டிகேட்டர் மட்டும் மினுக்கும். அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் வண்டியும் ரோட்டோரத்தில் கிடக்கிற ஒரு கறுப்பு மூட்டை, அவ்வளவுதான். எண்பதில் வருகிற டிரைவர் மூட்டையைப் பார்த்து பிரேக் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. 1999-இல், நான்கு வழிச்சாலை வருவதற்கு முன்னால், துவரங்குறிச்சிக்கும் மேலூருக்கும் நடுவில் என் வண்டி நின்றது. மெக்கானிக் ஆயிற்றே, சும்மா இருப்பேனா, தார் ரோட்டின் ஓரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு லாரி போனது. சத்தம் காதில் விழுந்த அதே நொடியில் காற்று அடித்து வண்டி என் மேலேயே சாய்ந்தது. லாரியின் தார்ப்பாயிலிருந்து தொங்கிய கயிறு ஒன்று தோள்பட்டையில் சுளீரென்று இழுத்துவிட்டுப் போனது. சட்டை கிழிந்து, சாட்டையால் அடித்த மாதிரி தடித்துப்போயிருந்தது. கயிறுக்குப் பதிலாக லாரியின் ஓரம் பட்டிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரி, பிளக்கை எங்கே போட்டேன் என்று கூடத் தேடாமல், வண்டியைப் புளியமரத்தடிக்கு இழுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதனால் முதல் வேலை, வண்டி கடைசி வேகத்தில் உருளும்போதே இண்டிகேட்டரைப் போட்டு, தார் ரோட்டை விட்டு மண்ணுக்கு இறக்கிவிடுங்கள். மண்ணுக்கு இறங்கிய பிறகும் இன்னும் நாலடி உள்ளே தள்ளுங்கள். ஆட்கள் வண்டிக்குப் பின்னாலேயும் நிற்கக்கூடாது, முன்னாலேயும் நிற்கக்கூடாது, யாராவது வண்டி மேல் மோதினால் அது உங்கள் மேல்தான் வந்து விழும். பக்கவாட்டில் தள்ளி, முள்வேலி ஓரமோ கல் ஓரமோ நிற்கலாம். ரொம்ப உள்ளேயும் போக வேண்டாம், நம் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எந்தத் தோட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பூச்சி பொட்டு பயமும் இருக்கிறது, போன் லைட்டைக் காலடியில் அடித்துவிட்டு நில்லுங்கள்.

அடுத்தது பிள்ளையும் தாயும். தேனி ரோடு ராத்திரியிலும் உயிரோடு இருக்கிற ரோடு. கம்பம், குமுளி, போடியிலிருந்து ஆரப்பாளையம் வருகிற பஸ்கள் இடைவெளி விட்டாவது வந்துகொண்டிருக்கும். போன் வெளிச்சத்தை உங்கள் உள்ளங்கையிலும் சட்டையிலும் அடித்துக்கொண்டு கையை ஆட்டினால் டிரைவர் கண்ணில் படும், வெளிச்சத்தை அவர் கண்ணில் அடித்தால் எரிச்சல்தான் வரும். அவர்களை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம், "அண்ணே, வண்டி நின்னுபோச்சு, வீட்ல பிள்ளையோட வர்றாங்க, ஆரப்பாளையத்துல மச்சான் வந்து கூட்டிக்குவாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம் ஊர் கண்டக்டர்கள் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்வார்கள். வண்டியையும் பூட்டி வைத்துவிட்டு மூன்று பேரும் சேர்ந்தே ஏறியிருக்கலாம். அதைத்தான் நான் செய்யச் சொல்வேன்.

வண்டியை அப்படி விட்டுவிட்டு வருவதற்கு நம் ஆட்களுக்கு மனசே வராது. தவணையில் வாங்கியதாக இருக்கும், மாமனார் போட்டதாக இருக்கும், வண்டி இல்லாமல் வீட்டுக்குப் போனால் ஏதோ தோற்றுப்போன மாதிரி ஒரு நினைப்பு. என் கடைக்கு வந்து நின்றவர்களில் எத்தனையோ பேர் அந்த நினைப்பில்தான் விடிய விடியத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஹேண்டில் லாக் போடுங்கள், பேப்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி நிற்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்து லொகேஷனோடு தம்பிக்கோ மச்சானுக்கோ அனுப்புங்கள், வந்துவிடுங்கள். பக்கத்தில் பங்க், டீக்கடை, செக்போஸ்ட், கோவில் ஏதாவது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் மட்டும் அதுவரை தள்ளலாம், அதுவும் தார் ரோட்டில் இல்லை, மண்ணில்.

போனில் பேசும்போது எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரியாமல்தான் பாதி நேரம் போகிறது. கணவாய்ப் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும், மேப்பை நம்ப முடியாது. பக்கத்து மைல்கல்லைத் தேடுங்கள். தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதில் இருக்கிற ஊர்ப் பெயரையும் கிலோமீட்டரையும் படித்துச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு இடம் புரிந்துவிடும். மஞ்சள் கல் ரோட்டில் உதவிக்கு 1033. உங்கள் தேனி ரோடு தேசிய நெடுஞ்சாலை 85, அங்கேயும் அதே எண்தான். பயமாக ஏதாவது நடந்தால் 112, அடிபட்டால் 108. வண்டி இன்சூரன்ஸில் சாலையோர உதவி என்று கூடுதலாக எடுத்திருக்கிறீர்களா என்று நாளைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். பல பேர் பணம் கட்டியிருப்பார்கள், அது இருப்பதே தெரிந்திருக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வண்டி. இன்ஜினை அணைக்கிற கில் சுவிட்ச் தெரியாமல் அமுங்கியிருக்கிறதா பாருங்கள், குழந்தை முன்னால் உட்கார்ந்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். டாங்க் மூடியைத் திறந்து, காதை வைத்துக்கொண்டு வண்டியை ஆட்டுங்கள், 'சளக்' என்று கேட்கிறதா? மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம், பெட்ரோல் இருந்தும் கீழே இறங்கியிருக்காது, திறந்து மூடினாலே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பிளக் கேப்பை ஒரு தடவை பிடுங்கி அழுத்தி மாட்டுங்கள். பத்து நிமிஷம், கூடிப்போனால் பதினைந்து. அதற்கு மேல் கிக்கரை மிதித்தால் காலுக்குத்தான் கேடு.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று. நாம் தினசரி ஓட்டுகிற கம்யூட்டர் வண்டிகளில் டாங்க் ஒரு சேணம் மாதிரி, நடுவில் சட்டத்துக்கு மேல் பள்ளம் விட்டு இரண்டு பக்கமும் தொங்கும். டேப் இடது பக்கம். ரிசர்வும் தீர்ந்த பிறகு வலது பக்கத் தொங்கலில் ஒரு டம்ளர் பெட்ரோல் தேங்கியே கிடக்கும். மூடியை இறுக்கிவிட்டு வண்டியை இடது பக்கமாக, ஹேண்டில் பார் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்துப் பிடித்தால் அது இந்தப் பக்கம் வந்துவிடும். நிமிர்த்தி, கொஞ்ச நேரம் விட்டு மிதித்துப் பாருங்கள். ஓரிரண்டு கிலோமீட்டர் ஓடும். கார்புரேட்டர் இருக்கிற பழைய வண்டிக்கு மட்டும்தான் இது.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்தரை மணிக்கு ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை ஸ்கூட்டியில் தனியாகப் போவேன். பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. வேலையை விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.
வாசகி, மேலூர்

வேலையை விடவே வேண்டாம் தங்கச்சி. பஞ்சருக்குப் பயந்து ஒரு நர்ஸ் வேலையை விடுவது எனக்குச் சம்மதமில்லை, பஞ்சரைச் சமாளிக்கலாம்.

உங்கள் ஸ்கூட்டரில் டியூப்லெஸ் டயரா என்று டயரின் பக்கவாட்டில் பாருங்கள், எழுதியிருக்கும். டியூப்லெஸ் என்றால் ஆணி ஏறினாலும் காற்று சட்டென்று இறங்காது. ஆணி கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள், அதுதான் இப்போது அடைப்பு. பின்சக்கரம் என்றால் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, 20-க்கு மேல் போகாமல், வெளிச்சம் இருக்கிற அடுத்த இடம் வரை ஓட்டிக்கொண்டே போங்கள். தெரியாத இருட்டில் இறங்கி நிற்பதைவிட டயர் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை. டயருக்கு விலை உண்டு, கொடுத்துவிடலாம். டியூப் டயராக இருந்தால் சீக்கிரமே தரையைத் தட்டிவிடும், அப்படியே ஓட்டினால் டியூப் பிய்ந்துபோகும், ஹேண்டிலும் ஆடும், நடை வேகத்துக்கு மேல் கூடாது. அடுத்த டயர் மாற்றும்போது உங்கள் ரிம்முக்கு டியூப்லெஸ் பொருந்துமா என்று கடையில் கேளுங்கள்.

ஒத்தக்கடை முதல் மேலூர் வரை எந்தெந்தப் பங்க் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிறது என்று ஒரு பகல் நேரத்தில் போகும்போது எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். டோல்கேட்டும் அந்தக் கணக்கில் சேரும், கேமராவும் ஆட்களும் எப்போதும் இருக்கிற இடம். அப்புறம் வண்டி எங்கே மக்கர் பண்ணினாலும், அடுத்த வெளிச்சம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் உங்களிடம் தயாராக இருக்கும். பங்கில் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் இலவசம், கேட்கத் தயங்க வேண்டாம்.

போனில் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை வைத்துக்கொள்ளுங்கள், 2022-இல் வந்தது, ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கிற இடத்தோடு தகவல் போய்விடும். 112-ஐயும், பெண்களுக்கான 181-ஐயும் பெயரோடு சேமித்து வையுங்கள். வண்டி நின்ற உடனே வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டு, யாராவது நிறுத்தி உதவ வந்தால் அவர்கள் வண்டி நம்பரைப் போனில் சத்தமாக வீட்டுக்குச் சொல்லுங்கள். நல்லவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், கெட்டவன் கிளம்பிவிடுவான். சாவியை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள், "நான் ஓட்டிப் பார்க்குறேன்" என்று கேட்டாலும்.

இதோடு வாரத்துக்கு ஒரு நாள் காற்று. திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கும், அதைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். தேய்ந்த டயரும் காற்றுக் குறைவும்தான் ராத்திரி பஞ்சரில் முக்கால்வாசிக்குக் காரணம், என் கடை அனுபவத்தில்.

பி.எஸ்.6 வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்கிறார்கள், உண்மையா? என்னுடையதில் கிக்கரே இல்லை.
வாசகர், திருப்பரங்குன்றம்

பாதி உண்மை. 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற, பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். பெட்ரோலை மேலே தள்ள ஒரு மோட்டார், எப்போது எவ்வளவு என்று முடிவு பண்ண ஒரு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். சாவியைப் போட்டதும் டாங்க்குக்குள் 'ங்ங்ங்' என்று இரண்டு மூன்று விநாடி ஒரு சத்தம் வரும், ராத்திரி நிசப்தத்தில் நன்றாகக் கேட்கும். அது கேட்டால் பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, செல்ஃப் இழுக்காவிட்டாலும் இரண்டாவது கியரில் தள்ளி விட்டால் ஸ்டார்ட் ஆக வாய்ப்பு இருக்கிறது. மீட்டரே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் வீண்.

அப்போது ஃபியூஸைப் பாருங்கள். பேட்டரி பக்கத்தில் சின்ன டப்பாவில் இருக்கும், பெரும்பாலும் அதிலேயே ஒரு உபரி ஃபியூஸும் வைத்திருப்பார்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போனதற்கு அதே நிறத்தில்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி மாட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, ஒயரிங் மொத்தமும் கருகிப்போய் வந்த வண்டியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். சில வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜின் ஓடாது, அதையும் ஒரு தடவை காலால் தட்டிப் பாருங்கள், ஸ்டாண்டில் சேறு அப்பியிருந்தால் மடங்கின பிறகும் மடங்கவில்லை என்றே வண்டி நினைத்துக்கொண்டிருக்கும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரை மட்டும் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது. இன்ஜின் சுற்றினால்தான் அதன் கிளட்ச் பிடிக்கும், சக்கரம் சுற்றி இன்ஜினைச் சுற்ற வைக்காது.

நத்தம் ரோட்டில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. அப்படியே ஓட்டி வந்தேன் என்றால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.
வாசகர், ஊமச்சிகுளம்

நான் நம்புகிறேன், நானும் வந்திருக்கிறேன். நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, வண்டியை நடந்து தள்ளி வேகம் பிடித்ததும் ஏறி உட்கார்ந்து முதல் கியரைத் தட்டினால், ஒரு குதி குதித்துவிட்டு ஓடும். மேல் கியருக்கு ஆக்சிலேட்டரை லேசாக விட்டுக்கொண்டே தட்ட வேண்டும். நிற்பதற்கு முன்னால் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும், அது கிடைக்காமல் போனால் வண்டி உங்களை முன்னால் தள்ளும். சமதளம், வெறும் ரோடு, பின்னால் ஆள் இல்லை, இந்த மூன்றும் இருந்தால் மட்டும் செய்யலாம். சிறுமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற இடத்திலும், சிக்னல் சிக்னலாக நிற்கிற ஊருக்குள்ளும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஊர் எல்லை வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

தூரம் போகிறவர்கள் ஒரு புதுக் கேபிளை வாங்கி, பழைய கேபிள் போகிற வழியிலேயே கூடச் சேர்த்து ஓட்டி, ஒட்டுகிற டேப்பைச் சுற்றி வைத்துவிடலாம். அறுந்தால் இரண்டு முனையை மாட்ட வேண்டியதுதான், டாங்க்கைக் கழற்ற வேண்டாம். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் இன்னும் சுலபம், கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஐடில் ஸ்குருவைத் திருகி ஓட்டத்தைக் கூட்டிவிட்டு, இரண்டாவது கியரில் ஆமை வேகத்தில் வந்துவிடலாம்.

நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டிக்காரர் காலால் தள்ளிக்கொண்டு வருவது சரியா?
வாசகர், திருமங்கலம்

இல்லை. ஊருக்குள் பகலில், ஒரு தெரு தூரத்துக்கு எல்லோரும் செய்கிறார்கள், அதற்கே நான் தலையாட்ட மாட்டேன். நான்கு வழிச்சாலையில் ராத்திரியில் கேட்கவே வேண்டாம். தள்ளுகிறவர் ஒரு காலில் தாங்கி, ஒரு கையில் சமாளித்து, கண்ணை உங்கள் வண்டியின் மேல் வைத்திருக்கிறார். நடுவில் ஒரு நாய் வந்தால் இரண்டு பேரும் விழுவார்கள். கயிறு கட்டி இழுப்பது அதைவிட மோசம்.

குட்டி யானையோ லோடு ஆட்டோவோ பிடியுங்கள். நடுராத்திரிக்கு மேல் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கும் பூ மார்க்கெட்டுக்கும் சுற்று வட்டாரத்திலிருந்து வண்டிகள் நிறைய வரும். வரும்போது மூட்டை ஏறியிருந்தாலும் விடிகாலையில் திரும்பும்போது காலியாகத்தான் போவார்கள், நாலு மணிக்கு மேல் கேட்டுப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன்னால் வாடகையைப் பேசிவிடுங்கள், ஏற்றின பிறகு பேசினால் மனக்கசப்புதான். பெட்ரோல் டேப்பை மூடி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்தைக் கேபின் சுவரில் முட்டவிட்டு நிறுத்துங்கள். கயிறை ஹேண்டில் பாரில் கட்டினால் கேபிளெல்லாம் நசுங்கும், முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் கீழ்த்தட்டில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். பழைய டியூபை நீளமாகக் கிழித்து வைத்திருந்தால் அதைவிட நல்ல கயிறு கிடையாது, வழுக்காது, பெயிண்டையும் உரசாது.

என் மகன் விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறான். வாரக் கடைசியில் பைக்கில் மதுரை வருவான், சில நாள் ராத்திரி ஆகிவிடும். வண்டியில் என்னென்ன வைத்துக் கொடுக்கலாம்?
ஒரு தாய், வில்லாபுரம்

அம்மா, பெரிய பெட்டியெல்லாம் வேண்டாம். வண்டி வாங்கும்போது கொடுத்த டூல் கிட் சீட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல வண்டியில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். பிளக் ஸ்பேனர், ஒரு புது பிளக், கட்டிங் பிளேயர், வண்டியில் இருக்கிற அதே நிறத்தில் இரண்டு ஃபியூஸ், வண்டிச் செயினின் இரண்டு முனையை இணைக்கிற செயின் லாக் ஒன்று. செயின் லாக் கிளிப்பை மாட்டும்போது மூடின முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால். மாற்றிப் போட்டால் ஓடும்போதே கழன்றுவிடும், இதை அவனை ஒரு தடவை உங்கள் முன்னாலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஒட்டுகிற திரி கிட்டும், கையடக்கக் காற்றுப் பம்பும். ஒரு துணி, ஒரு டார்ச். போன் லைட்டை நம்பக்கூடாது, அது பேசுவதற்கு வேண்டும். சார்ஜ் ஏற்றின ஒரு பவர் பேங்க். 500 ரூபாய் நோட்டாக, போனுக்குப் பின்னால் இல்லாமல் தனியாக. சிக்னல் இல்லாத இடத்தில் போன் வழியாகப் பணம் போகாது.

வெள்ளையோ மஞ்சளோ சட்டை போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள், பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் இரண்டு ஒட்டிவிடுங்கள், ஸ்டிக்கர் கடையில் சின்ன விலைக்குக் கிடைக்கும்.

இதெல்லாம் ஒரு பக்கம். நீங்கள் வாங்கிக் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். "வண்டி நின்னா விட்டுட்டு பஸ்ல ஏறி வந்துரு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அவன் கிளம்பும்போது சொல்லுங்கள், அவன் அப்பாவையும் சொல்லச் சொல்லுங்கள். என் கடைக்கு அதிகாலையில் தள்ளிக்கொண்டு வந்த பையன்களிடம் ஏன்டா இவ்வளவு தூரம் என்று கேட்டால், அவர்கள் சொன்ன பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்பா திட்டுவாருண்ணே."

பாண்டி கோவில் பக்கம் ரிங் ரோட்டில் ராத்திரி ஒருவர் வண்டி நின்று கையைக் காட்டினார். பயத்தில் நிறுத்தாமல் வந்துவிட்டேன். மறுநாள் முழுக்க மனசு கேட்கவில்லை. இப்படி நேரும்போது என்ன செய்யலாம்?
வாசகர், கே.கே.நகர்

பயந்ததில் தப்பில்லை ஐயா. நிறுத்தித்தான் உதவ வேண்டும் என்றும் இல்லை.

மனசு ஒப்பினால் அவரைத் தாண்டி 20 மீட்டராவது தள்ளி, இன்ஜினை அணைக்காமல் நிறுத்துங்கள். இறங்காமலே கேளுங்கள், "என்ன ஆச்சு, போன் இருக்கா?" இரண்டு கேள்வியில் நிலைமை ஓரளவு புரிந்துவிடும். பெட்ரோல் என்றால் அவரைப் பங்குக்கு ஏற்றிக்கொண்டு போகலாம், ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அடிபட்டுக் கிடந்தால் 108-க்கு உடனே போடுங்கள். உதவப் போய் நாம் கோர்ட்டு போலீஸ் என்று அலைய வேண்டி வரும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் உதவினவர் மேல் வழக்கு போட முடியாது, பெயர் முகவரியைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

நிறுத்த மனசு வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, அவர் நிற்கிற இடத்தைக் கவனித்துக்கொண்டு போங்கள். எதிரே என்ன போர்டு, எந்தப் பாலம், எந்தக் கல். அடுத்த பங்கிலோ டீக்கடையிலோ நிறுத்தி, "இன்ன இடத்துல ஒரு ஆள் வண்டியோட நிக்கிறாரு" என்று சொல்லுங்கள், இல்லை 112-க்குச் சொல்லுங்கள். பங்க்காரரின் நம்பரையும் வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்ததும் ஆள் போனார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.